வாயில்லா ஜீவனுக்கு மருந்து



இராஜபாளையத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் சகோதரர் ஒருவர், மகனை மதரஸாவில் விட வந்த இடத்தில் ஒரு மஸ்அலா கேட்டார். “ஹஜ்ரத், குதிரைக்கு வயிறு சரியில்லாத போதெல்லாம் ஹோமியோபதி சொட்டு மருந்துதான் கொடுக்கிறேன். அதில் ஆல்கஹால் இருக்கிறதாமே, கொடுக்கலாமா?”

ஆல்கஹாலைப் பற்றிய பதில் சுருக்கமானது. மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கப்படும் ஆல்கஹால் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலை விரும்புவோர் தவிர்த்துக்கொள்ளலாம். அவர் கேட்காமல் விட்ட கேள்விதான் நமக்குப் பெரிதாகப் பட்டது. அந்தச் சொட்டு, குதிரைக்கு உண்மையில் ஏதேனும் செய்கிறதா?

அவர் கொடுத்து வந்தது நக்ஸ் வாமிகா 30. நம் நாட்டு எட்டி மரத்தின் கொட்டையே அதன் மூலப்பொருள். ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796இல் தொடங்கி வைத்த முறை இது. மூலச் சாற்றில் ஒரு பங்கை 99 பங்கு கரைப்பானில் கலந்து குலுக்குவார்கள். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கில் கலப்பார்கள். 30 என்னும் எண், இவ்வாறு முப்பது தடவை செய்ததைக் குறிக்கும். பன்னிரண்டாம் தடவையைத் தாண்டும்போதே எட்டியின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை என்பது வேதியியல் கணக்கு.

“எங்கள் மாட்டுக்குக் குணமானதே!” என்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஊரில் மாட்டின் மடிநோய் என்பது வீட்டு வருமானத்தைத் தொடும் விஷயம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நார்வே நாட்டில் மடிநோய் கண்ட மாடுகளைப் பிரித்து, சிலவற்றுக்கு ஹோமியோபதியும், சிலவற்றுக்கு ஆன்டிபயாடிக்கும், சிலவற்றுக்கு மருந்தே கலவாத போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான அதன் முடிவில், போலி மருந்தைவிட ஹோமியோபதி மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. போலி மருந்து பெற்ற மாடுகளிலும் பல தேறியிருந்தன. தானாகவே தணியும் நோய்கள் பல உண்டு. தணிந்த நாளில் கையில் எந்தப் புட்டி இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. மனிதனாவது “இன்னும் வலிக்கிறது” என்று சொல்வான். மாட்டுக்கு வலி குறைந்ததா என்பதையும் மருந்து கொடுத்தவரே அல்லவா முடிவு செய்கிறார்!

எந்த நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டுள்ளது என்ற ஹதீஸைச் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோய்க்கு உரிய மருந்து அமையும்போது அல்லாஹ்வின் அனுமதியால் குணம் ஏற்படும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. உரிய மருந்தைத் தேடுவது நம் மீது விழுகிறது.

குதிரை விஷயத்தில் இந்தத் தேடலுக்கு அவகாசமும் குறைவு. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. வயிற்றில் காற்றோ நீரோ தேங்கினால் வெளியேற வழியில்லை. குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. கால்களால் தரையைத் தோண்டுவதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும் அதன் முறையீடுகள். மருத்துவர் வந்தால் வலிக்கு ஊசி போடுவார். மூக்கு வழியே குழாய் செலுத்தி வயிற்றின் அழுத்தத்தைக் குறைப்பார். சொட்டு மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 1962 என்ற கால்நடை அவசர எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள் என்று அந்தச் சகோதரரிடம் கூறினோம். அவருக்குச் சற்று வருத்தந்தான். குதிரை மீது அன்பில்லாதவர் அல்லர் அவர்.

கைவைத்தியம் முழுவதையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே கற்றுத்தருகிறது. அதில் பொருள் இருக்கிறது, அளவு இருக்கிறது, மாட்டைப் பார்த்து அறிந்தவர்கள் சொல்வது அது.

நம் பாண்டிய நாட்டுக்குக் குதிரை விஷயத்தில் ஒரு பழைய கணக்கும் உண்டு. பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் பகுதிகளிலிருந்து காயல் துறைக்குக் குதிரைகள் வந்திறங்கியதை எழுதியிருக்கிறார். இங்குள்ள அரசர்கள் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லையாம். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கில்லை. குதிரை வைத்தியர்களை இங்கு வரவிடாமல் வணிகர்களே தடுத்தார்கள், குதிரைகள் செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம் என்கிறார் அவர். அவர் முஸ்லிம்கள் மீது பரிவு கொண்டவர் அல்லர். கேட்டதை மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆயினும் அந்தக் காலத்து அரபுலகில் ‘பைத்தார்’ எனப்படும் கால்நடை வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. எகிப்தின் சுல்தான் நாஸிர் முஹம்மதின் குதிரை வைத்தியர் அபூபக்ர் இப்னு பத்ர், அடுத்த நூற்றாண்டிலேயே அக்கலைக்கு ஒரு பெருநூல் எழுதினார். அறிவு இருந்தது, கப்பலில் ஏறவில்லை.

விரைந்தோடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஆதியாத் சூராவை ஓதிக் கொடுக்கும்போது இந்தக் காயல் செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சென்ற மாதம் ஒரு சிறுவன், “அந்த வியாபாரிகள் அஞ்சு வேளையும் தொழுதிருப்பாங்களா ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

தொழுதிருப்பார்கள் என்றுதான் சொன்னோம்.