ஊசி 300 காட்டினாலும்

தீயை அணைத்துவிட்டு வண்டி நிலையத்துக்குத் திரும்பியதும் செய்யவேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, காலியான மூச்சுக்காற்றுச் சிலிண்டர்களை நிரப்புவது. அடுத்த அழைப்பு எந்த நிமிடமும் வரலாம். அதனால் அவசர அவசரமாக ஏற்றுவார்கள். காற்றை வேகமாக அமுக்கினால் சூடேறும். சிலிண்டரைத் தொட்டாலே கை உணரும். ஊசி 300 பாரைத் தொட்டதும் வால்வை மூடி ரேக்கில் வைத்துவிடுவார்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே ஊசி 270 பக்கம் இறங்கி நிற்கும். எங்கும் கசிவில்லை. உள்ளே காற்று ஆறிவிட்டது, அவ்வளவுதான். பழகிய டெக்னீஷியன் நிரப்பியவுடன் கேஜைப் பார்த்துத் திருப்தி அடையமாட்டார். ஆறவிட்டு, மறுபடி பார்த்து, குறைந்ததை ஏற்றிய பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார்.

இந்த மூச்சுக் கருவிக்குத் தீயணைப்புத் துறையில் 'பி.ஏ. செட்' என்றே பேச்சு வழக்கு. முதுகில் சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர், மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்றைத் திறந்துவிடும் டிமாண்ட் வால்வு, முகத்தை மூடும் மாஸ்க், காற்று தீரப்போகிறது என்று ஊதும் விசில். இவ்வளவுதான் கருவி. இதில் காற்று சட்டென்று நின்றுபோவது அரிது. பணிமனையில் செட்டைப் பிரித்துப் பூட்டுகிறவர்களின் கவலை வேறு. கருவி கெட்டுப்போயிருக்கும், ஆனால் சரியாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்கும். மேசைமேல் வைத்துச் சோதித்தால் தேறிவிடும். புகைக்குள் போனதும் காலை வாரிவிடும்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பாருக்கு நிரப்பினால், பெருக்கிப் பார்க்கும்போது 2,040 லிட்டர் காற்று வரவேண்டும். அந்த அளவு அழுத்தத்தில் காற்று பாடப்புத்தக விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது. உண்மையில் கிடைப்பது சுமார் 1,850 லிட்டர்தான். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்து 'இத்தனை நிமிட சிலிண்டர்' என்று பெயர் சூட்டுவது நெடுநாள் வழக்கம். தண்ணீர் நிறைந்த ஹோஸைத் தோளில் இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவர் அதைப்போல இரண்டு மடங்கு இழுப்பார். பயந்துவிட்டால் இன்னும் அதிகம். லேபிளில் இருக்கும் நிமிடத்தை அனுபவசாலிகள் யாரும் நம்புவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் நம்புவார்கள், பாவம்.

பணிக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தன் செட்டைச் சோதிக்கவேண்டும். முறை எளிது. வால்வைத் திறந்து அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். பிறகு மூடிவிட்டு ஒரு நிமிடம் ஊசியைக் கவனிக்கவேண்டும். 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அடுத்து, குழாயில் தங்கியிருக்கும் காற்றை மெதுவாக வெளியேற்றி, விசில் 55 பார் அளவில் ஊதத் தொடங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இந்த 'மெதுவாக' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் ஊசி சரசரவென்று விழும், விசிலும் எப்படியோ ஊதிவிடும். எந்த அழுத்தத்தில் ஊதியது என்பது தெரியாது. 'விசில் ஓகே' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இதைவிட வஞ்சகமானது பாதி திறந்த வால்வு. கைப்பிடியை ஒரு சுற்று மட்டும் திருப்பினாலும் கேஜ் முழு அழுத்தத்தைக் காட்டும், ஏனென்றால் யாரும் மூச்சு இழுக்காதபோது இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். நிலையத்தின் வாசலில் நின்று நாலு மூச்சு விட்டாலும் குறை தெரியாது. உள்ளே ஓடி, இரைக்க இரைக்க இழுக்கும்போதுதான் அந்தச் சின்ன இடுக்கு போதாமல் போகும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நாலைந்து முறை ஆழமாக, வேகமாக இழுத்தபடி ஊசியையே பார்க்கவேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஊசி குனிந்து நிமிர்ந்தால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை. அசையாமல் நின்றால் சரி. எந்தக் கருவியும் வேண்டாம், கால் நிமிடம் போதும். அப்படியும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான்.

கருவியில் ஒரு குறையும் இல்லாமலே ஆள் செத்துப்போகலாம் என்பதை லண்டன் 1958 ஜனவரி 23 அன்று கற்றுக்கொண்டது. ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் கோழிச் சந்தைக்கு அடியில், குளிர்க்கிடங்குகள் நெருக்கியடித்த பாதாளத்தில் தீப்பிடித்தது. வழி தெரியாத சந்துபொந்துகள், கண்ணை மறைக்கும் புகை. கிளர்க்கன்வெல் நிலையத்தைச் சேர்ந்த இரண்டு பேர் உள்ளே போனார்கள், வெளியே வரவில்லை. அவர்கள் அணிந்திருந்தது 'ப்ரோட்டோ' என்ற ஆக்ஸிஜன் செட். மார்பில் ஒரு பை, வாயில் கவ்விக்கொள்ளும் குழாய், மூக்கில் கிளிப். ஆக்ஸிஜன் தீரும்வரை அது வேலை செய்தது. தீரப்போவதை அவர்களுக்குச் சொல்ல அதில் எதுவும் இல்லை. இன்னார் உள்ளே இருக்கிறார், இன்ன நேரத்துக்குள் வெளியே வரவேண்டும் என்று பார்த்துக்கொள்ள வெளியிலும் ஒழுங்கான ஏற்பாடு இல்லை. தீ மூன்று நாள் எரிந்தது. அதன்பிறகுதான் பிரிட்டனில் விசிலும், பெயர்ச் சீட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் முறையும், வாசலில் கடிகாரத்தோடு நிற்கும் கட்டுப்பாட்டு அதிகாரியும் நாடு முழுவதும் வந்தன.

விசில் வந்ததோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அது ஊதும்போது எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது? 6.8 லிட்டர் சிலிண்டரில் 55 பார் என்றால் 370 லிட்டர் சொச்சம். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2001 மார்ச்சில் ஒரு சூப்பர்மார்க்கெட் தீயில் காற்று தீர்ந்து ஒரு வீரர் இறந்தார். அதற்குப் பிறகு அந்த நகரத் தீயணைப்புத் துறை காலிக் கட்டடங்களில் மீட்பு ஒத்திகை நடத்திப் பார்த்தது. சிக்கிய ஒருவரை வெளியே கொண்டுவரப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சராசரியாக 21 நிமிடம் ஆனது. மீட்கப் போனவர்களிலேயே ஐந்தில் ஒருவர் தானும் சிக்கலில் மாட்டிக்கொண்டார். 21 நிமிடத்தையும் ஐந்து நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விசிலின் லட்சணம் விளங்கும். அமெரிக்கத் தரவிதி 2013 பதிப்பில்தான், கால்பங்கு மிச்சம் இருக்கும்போது ஒலித்த எச்சரிக்கையை மூன்றில் ஒரு பங்குக்கு உயர்த்தியது.

அலாரங்களில் இன்னொன்று, ஆள் அசையாமல் கிடந்தால் தானாகக் கூவுவது. அமெரிக்காவில் 'பாஸ்' என்பார்கள். அரை நிமிடம் அசைவில்லை என்றால் 95 டெசிபலில் அலறி, தேடி வருபவர்களுக்கு இடத்தைக் காட்டவேண்டும். 2001 முதல் 2004 வரை நடந்த நான்கு மரண விசாரணைகளில், அந்த அலாரம் கேட்கவே இல்லை அல்லது அரைகுறையாகத்தான் கேட்டது என்று தெரியவந்தது. ஆய்வகத்தில் சூடேற்றிப் பார்த்தபோது, 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே சத்தம் தேயத் தொடங்கியது. ஆறவைத்ததும் பழையபடி கணீரென்று ஒலித்தது! இறந்தவரின் கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, பட்டனை அழுத்தி, 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லிவிட எவ்வளவு வாய்ப்பு என்று யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. அமெரிக்கத் தரவிதியின் 2007 பதிப்பிலிருந்து அந்த அலாரங்கள் 260 டிகிரி சூட்டிலும், தண்ணீரில் மூழ்கிய பிறகும் தேறியாகவேண்டும் என்றானது.

மாஸ்க்கின் கண்ணாடிக்கும் இதே கதைதான். பெயர்தான் கண்ணாடி, பொருள் பாலிகார்பனேட். எளிதில் உடையாது, ஆனால் 150 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்கும். வீரர் உடுத்தும் கோட்டும் கையுறையும் அதைவிடப் பெரிய சூட்டைத் தாங்கும். ஆக, தலையிலிருந்து கால்வரை உடம்பை மூடும் கவசத்தில் முதலில் தளரும் இடம் முகத்துக்கு நேராகவே இருந்தது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், கடுமையான வெப்பத்தின் முன் வைத்த மாஸ்க்குகளில் குமிழிட்டு ஓட்டை விழுந்தது. ஓட்டை விழுந்தால் காற்று பீறிட்டுக் காலியாகிவிடும். அடுத்த மூச்சு தீயின் மூச்சு. அதன்பிறகே சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் கதிர்வீச்சை ஐந்து நிமிடம் தாங்கவேண்டும் என்ற சோதனை விதியில் ஏறியது. அதற்கு முந்தைய மாஸ்க்கைப் பழைய விதிப்படி சோதித்தால் இன்றைக்கும் தேறும்.

மாஸ்க் முகத்தோடு ஒட்டாமல் இருப்பது தனிப் பிரச்சினை. இப்போதைய செட்டுகள் உள்ளே சிறிது கூடுதல் அழுத்தத்தை வைத்திருக்கின்றன. இடுக்கு இருந்தால் புகை உள்ளே வராமல் காற்று வெளியே போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் தாடியால் ஒரு இடுக்கு இருந்தாலும் போட்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நெடி வராது, கண் எரியாது, சிலிண்டர் மட்டும் சீக்கிரம் தீரும். மூச்சு வெளிவிடும் வால்வின் ரப்பர்த் தகட்டில் காய்ந்த எச்சிலோ சோப்போ ஒட்டினாலும் இதே கதிதான்.

சிலிண்டரையும் சொல்லவேண்டும். 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த பழைய சிலிண்டர்களில் கழுத்துப் பகுதியில் மெல்ல மெல்ல விரிசல் ஓடுவது தெரியவந்தது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கும் வழக்கமான சோதனையில் அது தப்பிவிடக்கூடும். உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கவேண்டும், சுழல் மின்னோட்டக் கருவியால் தடவவேண்டும். இன்றைய கார்பன் நார் சிலிண்டர்கள் இலேசானவை. 1970-களில் நாசா, ராக்கெட் மோட்டார் உறைகளின் தொழில்நுட்பத்தைத் தீயணைப்பு வீரர்களுக்குக் கொண்டுவந்ததன் வழிவந்தவை. கீழே விழுந்தால் வெளியே சிறு கீறல்தான் தெரியும். உள்ளே நார் அடுக்கு விட்டுப்போயிருக்கலாம். பதினைந்து ஆண்டு ஆனதும் பெரும்பாலானவற்றுக்கு ஓய்வு. பார்க்கப் புதிதுபோல இருக்கிறதே என்று நிதி அதிகாரிகள் முகம் சுளிப்பார்கள். அது அவர்கள் தொழில்.

இப்போது வரும் செட்டுகள் ஒவ்வொருவரின் அழுத்தத்தையும் ரேடியோ வழியாக வாசலில் இருக்கும் போர்டுக்கு அனுப்புகின்றன. ஆறு பேர் உள்ளே இருந்தால் ஆறு பேரின் மிச்சக் காற்றும் திரையில் ஓடும். கனமான கான்கிரீட்டுக்குப் பின்னால், அடித்தளத்தில், அந்தச் சிக்னல் அறுந்துபோகும். தேர்ந்த கட்டுப்பாட்டு அதிகாரி கடைசியாக வந்த எண்ணையும் அது வந்த நேரத்தையும் கையால் எழுதிக்கொண்டு, அங்கிருந்து விசில் நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொண்டிருப்பார். திரையில் அசையாமல் நிற்கும் 140 இந்த நொடியின் 140-ஆ, ஆறு நிமிடத்துக்கு முந்தைய 140-ஆ என்பதுதான் அப்போது அவருக்கு இருக்கும் ஒரே கேள்வி.