ஐயாவுக்குத் தகப்பன்

ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு பைதன் எதுக்கு என்று கேட்காதீர்கள். இறுதியாண்டு ஆய்வுக்காக 43 முதியவர்களின் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்திருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை அச்சடிக்கவேணும். உயர்தரத்தில் ஐசிரி படித்த தம்பி ஒரு பங்ஷன் எழுதித் தந்தான்:

அட்டை(பெயர், தந்தை, ஊர்)

"மூண்டு பராமீற்றர் அக்கா. இதே ஒழுங்கில குடு, மிச்சத்தை அது பாக்கும்."

ஒழுங்கு என்று அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. என் கொப்பியில் பெயர்கள் நாங்கள் வழமையாக எழுதுகிற மாதிரி இருந்தன: முதலில் தகப்பன் பெயர், பிறகு சொந்தப் பெயர். அப்படியே கொடுத்தேன்:

அட்டை("கணபதிப்பிள்ளை", "செல்லம்மா", "முள்ளியவளை")

43 அட்டையும் வடிவாக வந்தன. ஒரு எரர்கூட இல்லை. அம்மம்மாவிடம் அவவின் அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுக் கேட்டா: "நான் எப்ப பிள்ளை என்ர ஐயாவுக்குத் தகப்பனானனான்?"

பெயர்: கணபதிப்பிள்ளை. தந்தை: செல்லம்மா.

மூன்றில் ஒன்றை விட்டிருந்தால் பைதன் உடனே எரர் காட்டி நின்றிருக்கும். இடம் மாறினால் அதற்குத் தெரியாது. முதலாவதாக வந்ததை முதலாவது இடத்தில் வைக்கும். கணபதிப்பிள்ளையும் செல்லம்மாவும் அதற்கு வெறும் எழுத்துக்கள்தான்.

அம்மம்மா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் யாரோ பிழையாக எழுதிய பெயரைத் திருத்த, சத்தியக்கடதாசியோடு அவ எத்தனை தரம் அலைந்தவ என்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவவின் கதையாவது பிழையில்லாமல் இருக்கட்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். அதே பிழையை 43 பேருக்கும் ஒரேயடியாகச் செய்திருக்கிறேன்.

தம்பி வழி சொன்னான். எது எது என்று பெயர் சொல்லிக் கொடுக்கவேணும்:

அட்டை(தந்தை="கணபதிப்பிள்ளை", பெயர்="செல்லம்மா", ஊர்="முள்ளியவளை")

இப்ப எது முன்னுக்கு வந்தாலும் சரியான இடத்துக்கே போகும். இன்னொன்றும் செய்தான். பங்ஷனை வரையறுக்கிற வரியில், மூன்று பராமீற்றருக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டான்:

அட்டை(*, பெயர், தந்தை, ஊர்)

அதற்குப் பிறகு பெயர் சொல்லாமல் கொடுத்தால் பைதன் ஏற்காது, எரர் காட்டும். முதல் தரம் எரர் வராதது எவ்வளவு ஆபத்து என்று அப்பதான் விளங்கியது.

இந்த முறை எல்லாவற்றையும் அச்சடிக்க முதல், ஒரேயொரு அட்டையை எடுத்துக்கொண்டு அம்மம்மாவிடம் போனேன். அவ கண்ணாடியைத் தேடினா.