கோப்புக்குள் கிடக்கும் படங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலையும், பனைமலைத் தாளகிரீசுவரர் கோயிலின் பல்லவ ஓவியத்தையும், கீழ்வாலைப் பாறை ஓவியங்களையும் நேரில் சென்று படம்பிடித்து, அவற்றையெல்லாம் வேர்டு கோப்பில் எழுத்துக்கு நடுவே செருகி, "எல்லாம் இதிலேயே இருக்கிறது, தம்பி" என்று பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பக்கம் கட்டுகிற என்போன்றோருக்குச் சிரமம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

படத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுவதும், திரையையே படமாகப் பிடித்துக்கொள்வதும் சுலபமான உபாயங்கள். ஆனால் அவற்றால் பெரும்பாலும் கைக்கு வருவது, பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டப்பட்ட பிரதிதான். கீழ்வாலைச் செங்காவிக் கோடுகளுக்கு இது பெரிய அநியாயம். ஜேபெக் என்னும் படச் சுருக்க முறையானது வெளிச்ச வேறுபாட்டைக் கவனமாகவும் வர்ண வேறுபாட்டைச் சற்று அலட்சியமாகவும் சேமிக்கும் இயல்புடையதாகையால், பழுப்புப் பாறைமேல் வெளிச்சத்தில் அதிகம் வேறுபடாது நிறத்தால் மாத்திரமே பிரிந்து நிற்கும் அந்த மெல்லிய கோடு, அப்பிரதியை மறுபடி மறுபடி சேமிக்கையில் கட்டம் கட்டமாகச் சிதைந்து, பாறையோடு பாறையாகிவிடுகிறது.

கோப்பில் உள்ள படத்தையே எடுக்க வேறொரு வழி உண்டு. 2007 பதிப்பு முதல் வேர்டு உண்டாக்கிவரும் டாக்எக்ஸ் கோப்பு, வாஸ்தவத்தில் ஒரு ஜிப் மூட்டையே. கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, பெயரின் ஈற்றை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டருக்குள் 'மீடியா' என்பதைப் பார்த்தால், படங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அவற்றின் எண்வரிசை பக்க வரிசையோடு ஒத்துப்போகும் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டே பெயரிட வேண்டும். பழைய டாக் கோப்பானால் டாக்எக்ஸாகச் சேமித்துவிட்டு இதே வழியில் போகலாம். பக்கத்தில் கத்தரித்து ஒதுக்கிய ஓரங்களும், அழித்துவிடும்படி எவரும் கட்டளையிடாதிருந்தால், அங்கே பத்திரமாக இருக்கும். பனைமலை ஓவியத்துத் தேவியின் தலைக்குமேல் உள்ள குடையை ஒருவர் பாதியில் கத்தரித்திருக்க, அதை முழுமையாக மீட்டு அச்சிட்டதில் எனக்கு இன்றும் ஒரு திருப்தி உண்டு.

ஆயினும் இவ்வித்தைக்கு ஓர் எல்லை இருக்கிறது. விருப்ப அமைப்புகளில் தடை செய்யாவிட்டால், வேர்டின் பல பதிப்புகள் சேமிக்கும் தருணத்திலேயே படத்தை அங்குலத்துக்கு 220 புள்ளிகளாகக் குறைத்துவிடுகின்றன. 4,000 புள்ளி அகலமுள்ள படத்தை 3 அங்குலத்தில் செருகியவரின் கோப்பில் எஞ்சுவது 660 புள்ளிகளே. அதை 6 அங்குல அகலத்தில் நல்ல அச்சுக்கு வேண்டிய 300 புள்ளி வீதம் போடுவதற்கோ 1,800 தேவை. இல்லாததை எந்த மென்பொருளும் உண்மையாகக் கொண்டுவந்துவிடாது. கூர்மைப்படுத்துகிறேன் என்று கல்லில் இல்லாத கோட்டை வரைந்து தருவது, வரலாற்று நூலுக்குத் துரோகம்.

ஆகவே நூலாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கேமராவிலிருந்து வந்த படங்களை அப்படியே தனி ஃபோல்டரில் கொடுங்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்புங்கள்; வேர்டில் 'படம் 7 இங்கே' என்று ஒரு வரி எழுதினால் எங்களுக்குப் போதும்.