தந்தையாரின் காடி

என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கிள்ளானில், ஒருவர் ஓட்டிப் பழகிய சிவப்பு நிறப் புரோட்டோன் சாகா காடி ஒன்றை வாங்கினார். ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவான அவ்வகைக் காடி 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமாயிற்று. ஜப்பானிய மிட்சுபிஷி காடியை அடிப்படையாகக் கொண்டதே எனினும், "நம் நாட்டுக் காடி" என்று சொல்லும்போது தந்தையாரின் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைப் பழக்குலை லோரிகளுக்குப் பின்னால் செல்வோர்க்குத் தெரியும், சக்கரத்திலிருந்து கல் தெறிப்பது. அப்படி ஒரு கல் போனட்டில் பட்டு, அரிசி மணியளவு சாயம் பெயர்ந்துவிட்டது. தந்தையார் வருந்தினார். பிறகு என் தங்கையின் நகச்சாயத்தை வாங்கி, அவ்விடத்தில் ஒரு துளி வைத்து, எட்ட நின்று பார்த்துத் திருப்தியுற்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் மறைந்தபின் காடி என்னிடம் வந்தது. சில ஆண்டுகளில் நகச்சாயத்தின் ஓரம் கொப்புளம்போல் உப்பியது. மாணவர்களே, உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் துருதான் அது. காடியின் மேற்சாயம் ஏறக்குறைய ஒரு காகிதத்தின் கனமே உடையது. அது பெயர்ந்தால் இரும்புத் தகட்டை ஈரமும் காற்றும் தொடும். கிள்ளான் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு அதனை விரைவுபடுத்தும். துருவின் மேல் சாயம் பூசினால், துரு மறையுமே தவிர நிற்காது. அடியில் அரித்துக்கொண்டே பரவும்.

செய்யவேண்டியது தெரிந்திருந்தும் நாள் கடத்தினேன். அந்தத் துளியைச் சுரண்ட எனக்குக் கை வரவில்லை என்பதே உண்மை.

கடைசியில் வழிகாட்டியவர், இப்பள்ளியில் என்னிடம் படித்து, இன்று கிள்ளானில் ஒரு சாயப் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர். "சார், இன்னும் ஒரு மழைக்காலம் போனால் ஓட்டை விழுந்துவிடும்," என்றார். அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன்.

எந்திரப் பகுதியில் உள்ள சிறு தகட்டில் நிறத்தின் குறியீட்டைப் பார்த்து, அதற்கேற்ற சாயத்தை வாங்கினோம். சோப்பு நீரால் கழுவி உலர்த்தி, மெழுகும் எண்ணெயும் போக ஸ்பிரிட்டால் துடைத்தோம். பிறகு உப்புத்தாளைப் பென்சிலின் முனையில் சுற்றி, தகடு பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய்க்கச் சொன்னார். நகச்சாயம் முதல் தேய்ப்பிலேயே போய்விட்டது. நான் சற்று நிறுத்தினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அடிச்சாயம் ஒரு மெல்லிய பூச்சு. அது காய்ந்தபின், மெல்லிய தூரிகையால் நிறச்சாயம், ஒரே தடவையாக அன்றி மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் காயக் காய. தடிப்பாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். வெயிலில் சுடும் தகட்டிலும், மழை ஈரக் காற்றிலும் செய்யலாகாது. இதில் அவசரக்காரனாகிய நான் இருமுறை திட்டு வாங்கினேன். ஒரு வாரம் விட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துச் சமன்படுத்தி மெருகேற்றினோம்.

ஆயினும் அவ்விடம் தனியே தெரிகிறது. பல ஆண்டு வெயிலில் வெளிறிய சிவப்புக்கு நடுவே புதுச் சிவப்பு. போனட் முழுவதும் சாயம் அடித்தால் ஒன்றாகிவிடும் என்றார் அவர். வேண்டாம் என்றேன்.

தீபாவளிக்கு வந்த தங்கை அவ்விடத்தைத் தடவிப் பார்த்து, "அண்ணே, என் நகச்சாயம் எங்கே?" என்று கேட்டாள். விடை சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.