பின்னே வருபவனுக்கு ஒரு விளக்கு

மோட்டார் வண்டியின் விளக்குகளுள் முன்விளக்கு நமக்காக எரிவது. பின்விளக்கோ பிறருக்காக எரிவது. முன்விளக்கு மங்கினால் அன்றிரவே நாம் அறிந்துகொள்வோம். பின்விளக்கு பழுதுற்றால் ஓட்டுபவன் தானாக அறியான். ஒருவர் வந்து சொல்லவேண்டும். அல்லது ஏதேனும் நடந்துவிட வேண்டும். சொல்வதற்கு ஒருவர் வாய்ப்பது பெரும் பேறு.

எமக்கு அப்பேற்றை அளித்தவன் எம்மிடம் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவன். நெல்லியடியிலிருந்து உடுப்பிட்டிக்கு வரும் வீதியில், மாலை இருண்டபின், எமது காருக்குப் பின்னே துவிச்சக்கர வண்டியில் வந்திருக்கிறான். மறுநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்று, “சேர், உங்கட காரில லைற் எரியுது. ஆனா நீங்கள் பிறேக் பிடிச்சா வலப்பக்கத்து லைற் நூந்துபோகுது” என்றான்.

பிறேக் பிடித்தால் விளக்குப் பிரகாசிக்க வேண்டும். அந்த வேளையிலேயே அது அணையுமாயின் அதனினும் ஆபத்து வேறில்லை. எமது நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வன. வலப்பக்க விளக்கு இல்லாத கார், பின்னே வரும் பேருந்துச் சாரதியின் கண்ணுக்கு வீதியோரம் செல்லும் ஒரு மோட்டார் சைக்கிளாகவே தோன்றும். இடமிருக்கிறதென்று எண்ணி அவர் அருகே வந்துவிடுவார். அவர் இடமென்று எண்ணிய அவ்விடத்தில் எமது காரின் பாதி இருக்கும்.

அந்தக் கார் எமது தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த இனம் அது. 1971 வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அதுவும் ஒஸ்ரினும் வெறும் வாகனங்களாக இருந்தவை அல்ல. 1990இன் பின், குடாநாட்டில் மின்சாரம் இல்லாது, பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், இந்தப் பழைய கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு எமது தந்தையார் அயலிலிருந்த கர்ப்பிணிப் பெண்களை மந்திகை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றதைச் சிறுவராயிருந்த நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, அதனை விற்றுவிடுங்கள் என்று நண்பர்கள் கூறும்போது எமக்கு மனம் வருவதில்லை. ஆயினும், உயிர்காத்த வண்டி ஒன்று பிறர் உயிருக்கு உலை வைப்பதாயின், அதன் பழம்பெருமை எதற்கு உதவும்?

புதிய மின்குமிழ் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தோம். குணம் மாறவில்லை. பின்னர், இவ்வகைக் கார்களோடு ஐம்பது ஆண்டுகள் பழகிய முதியவர் ஒருவரின் கராஜுக்குச் சென்றோம். அவர் விளக்கைத் தொடவுமில்லை; பிறேக்கை மிதிக்கச் சொல்லி ஒருமுறை பார்த்தார். “மாஸ்டர், பல்பை மாத்தி என்ன பிரயோசனம்? கறண்ட் போறதுக்கு வழியிருக்கு, திரும்பி வாறதுக்கு வழியில்லை” என்றார். பாடநூலின் ஓர் அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

மாணவர் பொருட்டு அதனைச் சிறிது விரித்துரைப்போம். வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் செல்கின்றன. காரில் பெரும்பாலும் ஒரு கம்பியே செல்லும். மின்னோட்டம் திரும்புவதற்கு வண்டியின் இரும்புடலே பாதை. இதனையே ‘எர்த்’ என்கிறோம். பற்றரியின் ஒரு முனை அவ்வுடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கார்களில் அது எதிர்முனை. எமது மொறிஸிலோ நேர்முனை. மொறிஸ் மைனரின் பின்விளக்கு, உடலோடு திருகாணிகளால் பூட்டப்பட்ட மட்காட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. மின்னோட்டம் விளக்கின் அடித்தகட்டிலிருந்து மட்காட்டுக்கும், அதன் ஆணிகள் வழியே உடலுக்கும் செல்லவேண்டும். அந்த இணைப்புகளில் ஆண்டுதோறும் பூசிய வர்ணமும், வல்வெட்டித்துறைக் கடலிலிருந்து வரும் உப்புக்காற்று விளைத்த துருவும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன.

அப்படியாயின் பிறேக் பிடிக்காதபோது விளக்கு எப்படி எரிந்தது? ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று 5 உவாற்று, இரவில் எப்போதும் எரிவது. மற்றையது 21 உவாற்று, பிறேக் பிடிக்கும்போது எரிவது. எர்த் இல்லாதவிடத்து, 5 உவாற்று இழையைக் கடந்த மின்னோட்டம், அடுத்திருக்கும் பிறேக் இழைக்குள் புகுந்து, அதன் கம்பி வழியே இடப்பக்க விளக்கை அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தினால் வீடு திரும்புகிறது. தன் ஒழுங்கை அடைபட்டவன் அயலவன் வளவுக்குள்ளால் போவது போன்றது அது. பிறேக்கை மிதித்தவுடன் அந்தக் கம்பியிலும் 12 உவோற்று ஏறிவிடுகிறது. இருபுறமும் சம அழுத்தம், நடுவில் ஓட்டமில்லை, விளக்கு அணைகிறது. மாணவன் கண்ட புதிர் இதுவே.

முதியவர் ஒரு நீண்ட கம்பியைப் பற்றரியின் எர்த் முனையிலிருந்து விளக்கின் தகட்டில் தொடுத்தார். விளக்குப் பளிச்சென்று எரிந்தது. நோய்க்குறி உறுதியாயிற்று. உவோற்றுமானி உள்ளவர்கள் வேறு வழியிலும் காணலாம்: விளக்கு எரியும்போது அதன் தகட்டுக்கும் பற்றரியின் எர்த் முனைக்கும் இடையே ஏறக்குறைய பூச்சியமே காட்டவேண்டும். எமது காரிலோ, பிறேக்கை மிதித்தபோது முள் 12ஐ நெருங்கி நின்றது.

பரிகாரம் அரைநாள் வேலை. முதலில் பற்றரியின் எர்த் முனையைக் கழற்றினார். மற்ற முனையை முதலில் கழற்ற முற்பட்டு, சாவி உடலில் பட்டால் பெருந்தீப்பொறி பறக்கும். பின், விளக்கைக் கழற்றித் தகட்டை அரத்தாளால் தேய்த்தார். இரண்டு விளக்குகளின் தகடுகளிலிருந்தும் கறுப்புக் கம்பி இழுத்து, டிக்கியின் உட்புறத்தில் வர்ணம் சுரண்டி வெள்ளியாய் மினுங்கச் செய்த ஓரிடத்தில் ஆணியால் இறுக்கினார். பிரித்தானியக் கார்களில் கறுப்பு எர்த்துக்கும் சிவப்புப் பின்விளக்குக்கும் உரிய நிறங்கள். ஆதலால் நாளை வேறொருவர் பார்த்தாலும் மயங்கமாட்டார். இறுக்கிய இடத்தின்மேல் உப்பு அணுகாதபடி கிறீஸ் பூசினார். துணியுறை பொடிந்திருந்த கம்பிகளை மாற்றி, தகட்டுத் துவாரங்களில் றப்பர் வளையம் இட்டார்.

முற்றாக அடைபடாத எர்த்தும் பொல்லாதது. 21 உவாற்று இழையின் தடை, எரியும்போது ஏறத்தாழ 7 ஓம். துருவினால் 1 ஓம் கூடினால், 12 உவோற்றில் எட்டிலொரு பங்கு, அதாவது 1.5 உவோற்று, வீணாகும். எட்டிலொரு பங்குதானே என்று எண்ணலாகாது. இழையின் வெப்பம் குறைய, ஒளி அதனினும் விரைந்து குறையும். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஒளி போய்விடும். மாரிகாலத்து மழையில் அந்த மூன்றிலொரு பங்கே ஒரு பிள்ளையின் உயிராக இருக்கக்கூடும்.

பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதில் வீட்டிலுள்ள ஒருவரைக் காரின் பின்னே நிறுத்துங்கள். விளக்கைப் போட்டு, பிறேக்கை மிதித்து, இரு பக்கமும் கூடுதலாக எரிகின்றனவா என்று கேளுங்கள். விளக்கைப் போடாமலும் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். மாணவர்களுக்கும் ஒன்று கூறுவோம்: முன்னே செல்லும் வண்டியில் விளக்கு எரியாவிடின், ஓட்டுபவர் ஆசிரியராயினும் பெரியவராயினும், தயங்காது சொல்லுங்கள். அவர் காண முடியாததை உங்கள் கண்ணே காண்கிறது.