ஒரு லட்சம் ஏன் ஒரு லட்சமாவே இருந்தது?

(1)
சில வாரங்களுக்கு முன்னாடி ஓ.பி.க்கு ஒரு பெரியவர் வந்தார். வயசு 66. கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்திருக்கார். 15 வருஷமா சுகர். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போன இடத்துல உள்ளங்காலில் ஏதோ குத்தியிருக்கு. உணர்ச்சி இல்லாத கால், அதனால வலியே தெரியல. புண் ஆழமாயிடுச்சு.

"ஐயா, ஆறு வாரத்துக்கு இந்தக் காலை ஊனவே கூடாது. வேலைக்குப் போகாதீங்க."

"படுத்துட்டா கஞ்சிக்கு யாரு சார் தருவா?"

ஊசி, மாத்திரை, டிரெஸ்ஸிங் எல்லாம் இங்கே இலவசம். ஆனா ஆறு வாரச் சாப்பாட்டை நான் எழுதிக் கொடுக்க முடியாதே.

(2)
"சேமிப்புன்னு எதுவுமே இல்லையா ஐயா?"

இருந்தது. கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்ச் சேர்த்த ஒரு லட்சம். 20 வருஷத்துக்கு முன்னாடி பேங்க்ல டெபாசிட் போட்டிருக்கார், மாசாமாசம் வட்டி கைக்கு வர்ற மாதிரி. வட்டி வந்தது, செலவாச்சு. இன்னைக்கும் அதே ஒரு லட்சம்தான்.

"அதைத் தொட்டா என் சாவுச் செலவுக்கு இருக்காது சார்."

(3)
இதுல அவர் தப்பு எதுவும் இல்ல. பணத்தைப் பத்திரமான இடத்துலதான் போட்டார். குடிக்கல, ஏமாறல. ஃபாரத்தில் டிக் அடிச்ச ஒரு கட்டம்தான் விஷயம்.

எஃப்.டி. ஃபாரத்தில் ரெண்டு வழி இருக்கும். ஒண்ணு, வட்டியை மாசாமாசமோ மூணு மாசத்துக்கு ஒரு தடவையோ வாங்கிக்கிறது. இன்னொண்ணு 'க்யுமுலேட்டிவ்': வட்டி அசலோடு சேர்ந்து, அந்த வட்டிக்கும் வட்டி வரும். முதலாவதில் வட்டியை எடுத்துச் செலவு பண்ணிட்டா அது தனி வட்டி. ரெண்டாவது கூட்டு வட்டி. ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்சுட்டு மறந்துட்டோமே, அதே கணக்கு.

(4)
1 லட்சம், 7% வட்டி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை அசலோடு சேருதுன்னு வச்சுக்கோங்க. முதிர்ந்ததும் மொத்தத்தையும் அப்படியே மறுபடி போட்டால்:

10 வருஷம்: தனி வட்டி 1.7 லட்சம், கூட்டு வட்டி 2 லட்சம்
20 வருஷம்: தனி வட்டி 2.4 லட்சம், கூட்டு வட்டி 4 லட்சம்
30 வருஷம்: தனி வட்டி 3.1 லட்சம், கூட்டு வட்டி 8 லட்சம்

(5)
முதல் பத்து வருஷத்தில் வித்தியாசம் வெறும் 30 ஆயிரம். அதனாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல. சுகரும் இப்படித்தான். முதல் சில வருஷம் "எனக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டர்" என்பார்கள். உள்ளே கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். தெரிய வரும்போது காலில் வந்து நிற்கும்.

(6)
விலைவாசியும் கூட்டு வட்டியில்தான் ஏறுது. வருஷம் 6% ஏறினால், 20 வருஷத்துக்கு முன் ஒரு லட்சத்துக்கு வாங்கினதை இன்னைக்கு வாங்க 3.2 லட்சம் வேணும். பெரியவரோட லட்சம் அப்படியே இருக்கிற மாதிரி தெரியுது. உண்மையில் மூணில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ஞ்சுடுச்சு.

(7)
"சார், மொத்தமா போட எங்ககிட்ட லட்சம் ஏது?" சரி, அடல் பென்ஷன் யோஜனாவைப் பாருங்க. 18 முதல் 40 வயசுக்குள்ள, வருமான வரி கட்டாதவங்க பேங்கிலோ போஸ்ட் ஆபீஸிலோ சேரலாம். 60 வயசுக்கு மேல் மாசம் 5,000 ரூபாய் பென்ஷன் வேணும்னா:

18 வயசில் சேர்ந்தால் மாசம் 210. மொத்தம் கட்டுறது சுமார் 1.06 லட்சம்.
30 வயசில் மாசம் 577. மொத்தம் சுமார் 2.08 லட்சம்.
40 வயசில் மாசம் 1,454. மொத்தம் சுமார் 3.49 லட்சம்.

பென்ஷன் ஒண்ணுதான். லேட்டா வர்றவர் மூணு மடங்குக்கு மேல கட்டுறார். சீக்கிரம் வந்தவருக்கு மீதியைக் கட்டினது வருஷங்கள்.

ஆனா இது மட்டும் போதாது. 6% விலையேற்றத்தில், 42 வருஷம் கழிச்சு வர்ற 5,000 இன்றைய சுமார் 430 ரூபாய்க்குச் சமம். சம்பளம் கூடக் கூட சேமிப்பையும் கூட்டணும்.

(8)
அப்போ மாச வட்டி தப்பா? இல்லவே இல்ல. உழைக்க முடியாத வயசில் அதுதான் சோறு. உழைக்கிற வயசில், அவசியம் இல்லாம வாங்கிச் செலவழிக்கிறதுதான் நஷ்டம். நானும் யோக்கியன் இல்ல. வேலைக்குச் சேர்ந்து போட்ட முதல் ஆர்.டி.யை ஒரு போனுக்காக உடைச்சவன்தான்.

இன்னொண்ணு, கூட்டு வட்டி மெதுவாத்தான் வேலை செய்யும். ஒரே வருஷத்தில் இரட்டிப்புன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

(9)
பெரியவரை வார்டில் சேர்த்தோம். காலைக் காப்பாத்திடலாம்னு நம்பிக்கை இருக்கு. கூட இருந்த பேரனுக்கு 18 வயசு. இந்தக் கணக்கைத்தான் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன்.

"210 ரூபாயா சார்? போன் ரீசார்ஜே அதுக்கு மேல ஆகுது."

பேப்பரை மடிச்சு பாக்கெட்டில் வச்சுக்கிட்டான்.

நீங்களும் இன்னைக்கு வீட்டில் இருக்கிற டெபாசிட் ரசீதை எடுத்துப் பாருங்க. எந்தக் கட்டத்தில் டிக் இருக்கு?