றிஸானாவை எங்கே நிறுத்துவது?



ஐசிடி படிக்கும் பிள்ளைகளுக்கும், படிப்பிக்கும் நண்பர்களுக்கும் ஒரு சின்ன விசயம்.

எங்கட நிந்தவூர்ப் பக்கம் பெயர்களை 'றி' போட்டு எழுதுவது வழக்கம். றிஸானா, லத்தீபா, வஹாப் என்ற மூன்று பெயர்களையும் ஜாவாஸ்கிரிப்ட் அரே ஒன்றில் போட்டு 'சோர்ட்' பண்ணிப் பாருங்கள். றிஸானா முதலில் வருவார். ஆனால் நாங்கள் படிப்பிக்கும் நெடுங்கணக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அதன்படி லத்தீபா, வஹாப், றிஸானா என்றுதான் வர வேண்டும்.

காரணம், 'சோர்ட்' எழுத்துகளின் யூனிகோட் இலக்கத்தைப் பார்த்துத்தான் அடுக்குகிறது. அங்கே ர-வுக்கு அடுத்த இடம் ற-வுக்கு. புள்ளிகளையும் அது விட்டுவைப்பதில்லை. 5, 40, 75, 100 என்று கொடுத்தால் அவற்றையும் சொற்களாக நினைத்து 100, 40, 5, 75 என்று தரும்.

அப்படியானால் 'சோர்ட்' என்ற மெதட்டை மாற்றி எழுதலாமா? எழுதலாம். ஆனால் எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் விளையாட்டு இருக்கிறது.

ஒவ்வொரு அரேயும் தனக்கென்று 'சோர்ட்' வைத்திருப்பதில்லை. கூப்பிட்டதும் முதலில் தன்னிடம் தேடும். இல்லையென்றால் மேலே உள்ள ப்ரோட்டோடைப்பில் தேடும். அது எல்லா அரேக்கும் பொது. அதில் கை வைத்தால் அந்தப் பக்கத்தில் ஓடும் மற்றவர்களின் நிரலும் சேர்ந்து மாறும். நமது வீட்டு மதிலை நாம் விரும்பியபடி கட்டலாம். பொதுத் தெருவில் கட்ட முடியாது.

இது கற்பனைப் பயம் இல்லை. மூடூல்ஸ் என்ற நூலகம் பொது அரேயில் 'ஃப்ளாட்டன்' என்ற மெதட்டைச் சேர்த்திருந்தது. 2018-இல் மொழிக்குள்ளேயே அதே பெயரில் ஒன்றைக் கொண்டுவரப் போனபோது பழைய இணையத்தளங்கள் உடையும் என்று தெரிந்தது. கடைசியில் 'ஃப்ளாட்' என்று பெயரை மாற்றி, 2019 பதிப்பில் சேர்த்தார்கள். யாரோ எப்போதோ பொது இடத்தில் வைத்த ஒரு பெயருக்காக மொழியே வழிவிட வேண்டி வந்தது.

நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வழி இது. 2015-இல் வந்த 'கிளாஸ்', 'எக்ஸ்டென்ட்ஸ்' ஆகியவற்றால் அரேயிலிருந்து 'பெயர்ப்பட்டியல்' என்று ஒரு பிள்ளை வகுப்பை உண்டாக்குங்கள். (ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயரையும் ஏற்கும்.) அதற்குள் மட்டும் 'சோர்ட்' எழுதுங்கள். உள்ளே 'சூப்பர்' மூலம் தாயின் 'சோர்ட்'டைக் கூப்பிட்டு, 'லோக்கேல்கம்பேர்' கொண்டு தமிழ் வரிசையில் ஒப்பிடச் சொல்லுங்கள். 'சூப்பர்' என்ற இடத்தில் 'திஸ்' என்று போட்டால் அது தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஸ்டாக் நிரம்பி நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. தாயின் 'சோர்ட்' ஒப்பிடும் முறையொன்றைக் கேட்டு வாங்கும். நமது 'சோர்ட்'டும் அதை வாங்க வேண்டும். யாராவது வேறு முறை கொடுத்தால் அதைப் பயன்படுத்தி, கொடுக்காதபோது மட்டும் தமிழ் வரிசைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் தாயை நம்பி எழுதிய நிரல் பிள்ளையிடம் வந்து ஏமாந்துபோகும்.

வரவுப் பட்டியல், புள்ளிப் பட்டியல் எல்லாம் இனி திரையில்தான். பெயரை அந்தப் பிள்ளை எழுதுகிற மொழியின் ஒழுங்கில் அடுக்குவது பெரிய வேலை இல்லை, நாலைந்து வரிதான். இன்றிரவே உங்கள் வகுப்புப் பெயர்களைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.